ஏரிக்குப் போன பிள்ளை

பாஸ்டன்

அன்புள்ள அண்ணனுக்கு,

பையன் எங்கே என்று போனில் கேட்டீர்களே, பணம் கட்டி இரண்டு வாரம் வனவாசம் அனுப்பியிருக்கிறேன்!

நியூ ஹாம்ப்ஷயரில் ஏரிக்கரையில் ஒரு கோடை முகாம். ஃபேன் இல்லாத மரக்குடில், அடுக்குக் கட்டில், விடிந்ததும் பியூகிள் சத்தம். செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். சாப்பிட்ட தட்டை அவரவரே கழுவ வேண்டும். கட்டணத்தை ரூபாயில் கணக்குப் போட்ட அன்று எனக்குக் காபிகூட இறங்கவில்லை.

பிள்ளைகளை இப்படி முகாமுக்கு அனுப்புவது இங்கே பழைய வழக்கம். 1861-இல் கனெக்டிகட்டில் கன் என்ற பள்ளி ஆசிரியர் மாணவர்களைக் கடற்கரைக்கு நடத்திக் கூட்டிப்போய்க் கூடாரம் அடித்தார். பணக்காரப் பிள்ளைகள் கோடை முழுக்க ஓட்டல்களில் சோம்பிக் கிடப்பதைப் பார்த்த எர்னஸ்ட் பால்ச் என்ற கல்லூரி மாணவர், 1881-இல் ஸ்குவாம் என்ற ஏரியின் தீவு ஒன்றில் முகாம் போட்டார். வேலைக்காரர் கிடையாது; சமையலும் பாத்திரமும் பையன்கள் பாடு. 1889-இல் அதை மூடிவிட்டார்கள். யோசனை மட்டும் நாடெங்கும் பரவிவிட்டது. நம் பிள்ளை சோபாவில் கிடந்த கிடையைப் பார்த்தால் பால்ச் இன்னொரு தீவு தேடியிருப்பார்.

போன ஞாயிறு பார்க்கப் போனேன். பாறை ஏறிப் பழக ஒரு மரச்சுவர். அதற்கு இடுப்பில் கயிறு, தலையில் ஹெல்மெட். மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைப் பாறைப் பக்கம் டிராயர் கிழியச் சறுக்கினோமே, அதை நினைத்துச் சிரித்தேன்.

ஏரியில் இறங்கும் இடத்தில் சிரிப்பு நின்றது. முதல் நாளே நீச்சல் சோதனை. இறங்கினால் இரண்டிரண்டு பேராகத்தான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விசில். உடனே ஜோடிகள் கைகோத்துத் தூக்க, கரையில் தலை எண்ணுகிறார்கள். நமக்கு அப்பா முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் தள்ளியதுதான் சோதனை. மேலே வந்ததுதான் சர்டிபிகேட்.

கோடை லீவு வந்தால் ஏரியிலும் கல்குட்டையிலும் பிள்ளைகள் மூழ்கிய செய்தி நம் பக்கம் வராமல் இருப்பதில்லை. படகும் மரச்சுவரும் நமக்கு வேண்டாம் அண்ணா, ஒரு விசில் போதும். தெருப் பிள்ளைகள் குளிக்கப் போனால் பெரியவர் ஒருவர் கரையில் நிற்கட்டும். பிள்ளைகள் ஜோடியாக இறங்கட்டும். மழை இரவில் அந்தக்கால வெள்ளைக்காரக் கலெக்டர் பிளேஸ் துரையின் கண்ணுக்குத் தெரிந்ததாகச் சொல்வார்களே, நம் மதுராந்தகம் ஏரி காத்த ராமர், அவரே தனியாகக் காவல் நிற்கவில்லை. தம்பி லட்சுமணனைக் கூட வைத்துக்கொண்டுதான் நின்றார்.

அன்புடன்,
உங்கள் தம்பி