வழுக்குத் தரை மகாத்மியம்

கண்டியில் புதிதாகக் கட்டும் வீடுகளில் முகம் பார்க்கத் தனியாகக் கண்ணாடி வேண்டியதில்லை. பாத்ரூம் தரையே போதும். குனிந்தால் முகம் தெரியும். ஈரக்காலை வைத்தால் முன்னோர்களும் தெரிவார்கள்.

குடிபுகுதலுக்கு வந்தவர்கள் 'அடடா' போடுவதற்காகப் பதித்த டைல்ஸ் அது. தரை வழுக்குமா என்று பார்ப்பதற்கென்றே ஜெர்மன்காரன் ஒரு சோதனை வைத்திருக்கிறான். சரிவுப் பலகையில் டைல்ஸைப் பதித்து, சவர்க்காரத் தண்ணீரை ஓடவிட்டு, வெறுங்காலோடு ஆளை நடக்கவைத்துப் பலகையை உயர்த்துவான். 12 பாகை தாங்கினால் ஏ, 18 என்றால் பி, 24 என்றால் சி. நமக்குப் பலகை எதற்கு? வீட்டில் அப்பாயி இருக்கிறாரே! சோதனை முடிவை எக்ஸ்ரேயில் பார்த்துக்கொள்ளலாம்.

மேசன் பாஸ் வைக்கும் வாட்டம் தனி வேதாந்தம். தண்ணீர் துவாரத்தைத் தவிர எல்லாத் திசைக்கும் ஓடும். கொமட்டை வலம் வந்து, கதவடியில் தேங்கி, கால்மிதியை நனைத்துவிட்டு அறையை எட்டிப் பார்க்கும். ஹந்தானைக் குளிரில், உள்ளங்கை அகல ஜன்னலை வைத்துக்கொண்டு, அது எந்த ஜென்மத்தில் காய்வது? விழுகிறவர் கைக்கு அகப்படுவது துவாய்க் கம்பி. இரண்டு பிளாஸ்டிக் பிளக்கை நம்பி நிற்கும் அதுவும் அவருக்குத் துணையாகக் கூடவே விழுகிறது. கதவோ உட்பக்கம் திறப்பது. விழுந்தவரே தாழ்ப்பாளாகக் கிடக்க, வெளியே நிற்கிறவர்கள் கத்துகிறார்கள்.

சட்டமா இல்லை? மாற்றுத்திறனாளிகளுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், பொதுக் கட்டடங்கள் மலசலகூடம் உட்பட எல்லோருக்கும் பயன்பட வேண்டும் என்று 2006 இல் வர்த்தமானி வந்தது. கலாநிதி அஜித் பெரேரா வழக்குப் போட, புதிய கட்டடங்கள் அதை மீறக்கூடாது என்று 2011 இல் உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டது. பெரஹரா வந்தால் வாடகையை ஏற்றத் தெரிந்த விடுதிக்காரருக்கு ஒரு கைப்பிடி பூட்டத் தெரியவில்லை. மஞ்சள் பலகை மட்டும் வைத்திருக்கிறார்: 'கவனம், தரை ஈரம்.' குளிக்கிற இடத்தில் ஈரமாம்! கண்டுபிடித்தவருக்குப் பொன்னாடை போர்த்தலாம்.

மலையேறினால், பல தோட்ட லயங்களில் அந்தப் பளபளப்புக்கும் வழியில்லை. பாசி பிடித்த சிமெந்துப் படியில் இருட்டில் இறங்கித்தான் கக்கூசுக்குப் போக வேண்டும். அங்கே விழுந்தால் 'கவனமில்லாத சனம்' என்ற பட்டமும் சேர்த்துக் கிடைக்கும்.

கட்டடத்துக்குச் சான்றிதழ் கொடுக்கும் ஐயா இனிமேல் செருப்பைக் கழற்றி, பாதத்தில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு, அந்தத் தரையில் ஒரு சுற்று நடக்கட்டும். முதலாளியும் பின்னால் வரட்டும். பிடிக்கக் கம்பி கேட்டால் கிடையாது. ஐயா பாஸ் பண்ணிய பிளானில் அது இல்லை.