கூழ்ப் பருவம்

சிங்காரப்பேட்டைப் பக்கம் மே மாதத்தில் இரண்டு விளைச்சல் கைக்கு வரும்: ஒன்று மாங்காய், மற்றொன்று பள்ளி விடுமுறைப் பிள்ளைகள். பெங்களூரா என்னும் கிளிமூக்கு மாங்காயை யாரும் மரத்தில் சும்மா தொங்கவிடுவதில்லை. லாரியேற்றி கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் ஆலைகளுக்கு அனுப்பி, பிழிந்து, சூடேற்றி, டின்னில் அடைத்துக் கப்பலேற்றுகிறோம். கிளிமூக்குக் காய்க்கே இத்தனை கவனிப்பு என்றால், ஐந்து வயதுப் பிள்ளையை வேப்பமரத்தடியில் தானாகப் பழுக்கவிடுவது என்ன பொறுப்பு? அதற்குத்தான் கோடை முகாம் என்னும் அரிய ஏற்பாடு. காலையில் அபாகஸ், அடுத்து கையெழுத்து, மதியம் மன அழுத்தம் நீங்க யோகா. அதற்கு வேண்டிய அழுத்தத்தைக் காலை வகுப்புகளே தயாரித்துத் தந்துவிடும்.

பிள்ளை விளையாட வேண்டாமா என்று சிலர் கேட்கிறார்கள். விளையாட்டும் உண்டு, வாரம் இருமுறை, நாற்பது நிமிடம், தனிக் கட்டணம். பாட்டி வீடு இருக்கிறதே என்பார்கள். பாட்டி கதைக்குப் பாடத்திட்டம் உண்டா? முடிவில் சான்றிதழ் தருவாரா? தாத்தாவின் நீச்சல் பயிற்சியில் இருப்பதெல்லாம் ஒரு கிணறும் ஒரு சுரைக்குடுக்கையும்தான். லெவல் ஒன், லெவல் டூ கூடக் கிடையாது. வெயில் கொடுமையாயிற்றே என்றால், வெயிலே படாமல் கோடையைக் கழிக்கும் பாக்கியம் எந்தத் தலைமுறைக்குக் கிடைத்தது?

ஜூனில் பள்ளி திறக்கும்போது எல்லாம் ஒரே பதம், ஒரே இனிப்பு, ஒரே டின். ஆலைக்காரர்களுக்கு மட்டும் ஒரு சின்னத் தொல்லை. பிழிந்தபின் மிஞ்சும் கொட்டையை எங்காவது கொட்டவேண்டியிருக்கிறது. முதல் மழை விழுந்ததும் அந்தக் குப்பைமேடு முளைத்துத் தொலைக்கிறது.