இருசக்கர ஆற்றுப்படை

நேரில் நிகழும் கலையை நாடிச் சுற்றத்தோடு சாலைவழி செல்லுதல் தமிழ் நூலோருக்குப் புதியதன்று. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்களே; ஆறு என்றால் வழி, படுத்தல் என்றால் செலுத்துதல். முருகனடியாருக்கு வழிகாட்டும் ஒன்றை ஒதுக்கினால், எஞ்சிய நான்கும் வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே வரும் வறிய கலைஞனுக்கு அவ்வள்ளலின் ஊரையும் அதற்குச் செல்லும் வழியையும் எடுத்துரைப்பதாக அமைந்தவை. அன்று கலைஞர் வள்ளலைத் தேடி நடந்தனர். இன்று சுவைஞர் கலைஞரைத் தேடி ஸ்கூட்டரில் செல்கின்றனர். இத்திசைமாற்றத்தை ஆராய, மார்கழி மாலைகளில் சென்னைக் கோடம்பாக்கத்திலிருந்து இசைச் சபாக்களுக்குப் புறப்படும் நடுவயதுத் தம்பதியரினும் தக்க சான்று கிடைப்பது அரிது.

இதைப் பயணம் என்பதற்குத் தூரம் போதாதே எனத் தடை எழுப்புவோர் உளர். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ப்ரான்சன் என்றொரு சிற்றூர், ஏறத்தாழ 12,000 பேரே வாழ்ந்தும், மேடை நிகழ்ச்சிகளால் பெயர்பெற்று வெளியூர்த் தம்பதியரைக் காரேற்றி வரவழைக்கிறது. கோடம்பாக்கத்திலிருந்து மியூசிக் அகாடமிக்கோ ஐந்தாறு கிலோமீட்டர்தான். ஆயினும் பயணத்தை அளக்கும் கோல் கிலோமீட்டர் அன்று, வழியில் இருவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவுகளின் தொகையே என்பது இக்கட்டுரையின் துணிபு. பாலமேறி வள்ளுவர் கோட்டம், நுங்கம்பாக்கம், ஜெமினி மேம்பாலம், கதீட்ரல் சாலை என்று அகாடமிக்குப் போவதா, ரங்கராஜபுரம் வழியே தியாகராய நகருக்குள் நுழைந்து வாணி மகாலிலோ கிருஷ்ண கான சபாவிலோ அமர்ந்துவிடுவதா என்னும் முதல் வினாவே, தெருமுனை தாண்டுமுன் மும்முறை விடை மாறும். பூரண விடுதலையே இலக்கெனத் தீர்மானித்த 1927ஆம் ஆண்டுச் சென்னைக் காங்கிரசை ஒட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்துதான் அடுத்த ஆண்டு அகாடமி பிறந்தது; எனினும் எந்தச் சபாவுக்குப் போவது என்பதில் வண்டியோட்டுபவருக்குப் பூரண விடுதலை இன்றளவும் வாய்த்ததில்லை.

பின்னிருக்கையில் அமர்ந்து வழி சொல்பவரைப் பின்சாரதி எனலாம். குருக்ஷேத்திரத்தில் தேரோட்டியவன் முன்னே அமர்ந்து உபதேசித்தான், ஐயுற்றவன் பின்னே இருந்து கேட்டான். அச்சாரதியின் பெயரால் 1900இல் திருவல்லிக்கேணியில் தொடங்கிய சபாவே நகரின் மிகப் பழையது. கோடம்பாக்கத்து இருசக்கரத் தேரிலோ ஐயமுடையவர் ஓட்டுகிறார், கீதை பின்னாலிருந்து வருகிறது. அது பதினெட்டு அத்தியாயம் கொள்வதில்லை. ‘ஏங்க’ என்னும் ஒற்றை விளியில் அடங்கிவிடும். அவ்விளியைக் குறுக்கி ஒலித்தால் திரும்புக என்றும், ஈற்றை நீட்டினால் திரும்ப வேண்டிய இடம் கடந்துவிட்டது என்றும், அடுக்கிச் சொன்னால் முன்னே மாநகரப் பேருந்து நின்றுவிட்டது என்றும் பொருள் கொள்ளுதல் மரபு. விளியே எழாதபோது தாம் செல்லும் வழி சரியென்று கருதுவது இளம் கணவர்களின் பிழை. அம்மௌனம் மூலபாடம், அதற்குரிய விரிவுரை வீட்டுக்கு வந்த பின் கிடைக்கும். 2015 ஜூலை முதல் பின்னமர்வோருக்கும் தலைக்கவசம் கட்டாயமாகவே இவ்வொலி நுட்பங்கள் மங்கி, தோளைத் தட்டுதல் என்னும் புதிய இலக்கணம் தலையெடுத்தது. கவசத்துள் பூ நசுங்குமாதலால், முழம் போட்டு வாங்கிய சரம் கைப்பையில் பயணம் செய்து சபா வாசலில்தான் கூந்தலேறுகிறது.

வழியின் வரலாறும் நோக்கத்தக்கது. கோடம்பாக்கத்தில் பாலம் எழுவதற்கு முன் அங்கே ரயில்வே கேட் இருந்தது. அது மூடியிருந்தபோதெல்லாம் படப்பிடிப்புக்குச் செல்லும் நட்சத்திரங்கள் காரில் காத்திருக்க, அவர்களைக் காணக் கூட்டம் கூடியது. கலைஞரைக் காண எங்கும் போக வேண்டாத பொற்காலம் அது. பாலத்துக்கு அப்பால், 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டத்தில் திருவாரூர்த் தேரின் சாயலில் நிற்கும் கல்தேர் நகராது என்பது அறிந்ததே. மாலை ஆறு மணிக்கு அதன் அருகிலுள்ள ஊர்திகளும் அதையே பின்பற்றுகின்றன.

எயிற்பட்டினத்தில் சுட்ட குழல்மீன், ஆமூரில் நண்டோடு வெண்சோறு எனச் சிறுபாணாற்றுப்படை ஊர்தோறும் உணவு குறிக்கும். அம்முறை மரக்கறியாகிச் சபாவுக்கொரு கேன்டீனாகத் தொடர்வதைப் பிறர் மிகுதியாக எழுதித் தீர்த்தமையால் இங்கு விரிக்கப்படவில்லை.

கவனிக்கப்படாதது தனி ஆவர்த்தனம். பாட்டு ஓய்ந்து மிருதங்கமும் உபபக்கவாத்தியங்களும் மட்டும் முழங்கும் இப்பகுதி, பயணவியல் நோக்கில், கார்கள் வழிமறிக்குமுன் ஸ்கூட்டரை மீட்பதற்குரிய கடைசி வாய்ப்பாகும். காலடியில் கிடந்த தலைக்கவசத்தைக் கணவர் மடிக்கு உயர்த்துவது புறப்படலாமா என்னும் வினா. மனைவி மேடையை விட்டுக் கண்ணெடுக்காமல் தொடையில் தாளம் போடுவது அதற்கு விடை. கவசம் மீண்டும் காலடிக்கு இறங்கும். மங்களம் முடிந்து வெளியே வந்தால், ஸ்கூட்டருக்கு முன்னே மூன்று கார்களும் பின்னே ஒரு மதிலும் இருக்கும்.

மறுநாள் மாலை, அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்ட் வாசலில், பட்டுப் புடவையும் கவசமுமாக எதிர்ப்படும் மேல்மாடித் தம்பதியிடம் இவர்கள் எடுத்துரைப்பது முந்தைய நாள் கேட்ட ராகத்தை அன்று. சபாவில் வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் நிறுத்தினால் எந்தக் காரும் மறிக்காது என்பதையே.