தட்டுங்கள், எரியும்: நத்தார் கேள்வி - பதில்

கேள்வி: பல்கணியைச் சோடிக்க எத்தனை செட் லைட் போதும், ஐயா?
(ஐந்தாம் மாடி வாசகி, வெள்ளவத்தை)

கடலில் போகிற கப்பல்காரன் உங்கள் பல்கணியைக் கலங்கரை விளக்கம் என்று நம்பித் திரும்பாத அளவுக்குப் போதும்.

கேள்வி: ஒரு மாதம் எரித்தால் கரண்ட் பில் எவ்வளவு ஏறும்? எங்கள் வீட்டுப் பில் 59 யூனிட்டில் நிற்கிறது.
(ஓய்வுபெற்ற கிளாக்கர், கொட்டாஞ்சேனை)

நூறு குமிழ் உள்ள எல்.ஈ.டி. செட் ஒன்று 5 வாட் அளவில் இழுக்கும். மாலை ஆறிலிருந்து நள்ளிரவு வரை ஆறு மணித்தியாலம், முப்பது நாள் என்று வைத்தால் 900 வாட் மணி. ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் இளமைக் காலத்துக் குட்டி இழைக் குமிழ் நூறு என்றால் 40 வாட், ஏழு யூனிட்டுக்கு மேல் போயிருக்கும்.

ஆனால் 59 என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. முதல் யூனிட்டிலிருந்தே கட்டணம் மாறும், நிலையான கட்டணமும் ஏறும். ஒரு செட் போட்டால் கரையில் நிற்பீர்கள். இரண்டாவது செட் வாங்க ஆசைப்பட்டால், அந்த மாதம் அயன் பெட்டிக்கு விடுமுறை கொடுங்கள். ஒரு மணித்தியாலம் அயன் பண்ணுகிற கரண்டில் உங்கள் செட் ஒரு மாதம் எரியும். கசங்கிய சேட்டோடு திருப்பலிக்குப் போனால் பாலன் கோபிக்க மாட்டார்.

கேள்வி: புறக்கோட்டையில் வாங்கிய செட். கடையில் நன்றாக எரிந்தது. வீட்டுக்கு வந்ததும் பாதி எரிகிறது, பாதி இல்லை. தட்டினால் எரிகிறது. ஏன்?
(இளம் தகப்பன், கொட்டாஞ்சேனை)

நூறு குமிழும் ஒரே சங்கிலி அல்ல, தம்பி. சில சங்கிலிகளாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு சங்கிலிக்குள்ளும் குமிழ்கள் பிள்ளைகள் கைகோத்து நிற்பதுபோல வரிசையாக நிற்கும். ஒன்று கையை விட்டால் அந்த வரிசை முழுக்க இருட்டு. குமிழ் செத்துப்போவது குறைவு. அதன் மெல்லிய கால் வயரோடு சேருகிற இடம் தளர்வதுதான் வழக்கம். நீங்கள் தட்டியதும் காலும் வயரும் ஒரு கணம் முட்டுகின்றன, எரிகிறது. பஸ் ஏறி வீடு வந்து சேரும் குலுக்கலில் மறுபடி விலகியிருக்கும்.

அடுத்த முறை கடைக்கார நானா செருகிக் காட்டும்போது, முழுச் சரத்தையும் கையில் எடுத்து ஒரு உதறு உதறுங்கள். உதறியும் எரிந்தால் காசைக் கொடுங்கள். நானா முறைப்பார். முறைக்கட்டும்.

ஒன்று முக்கியம். மலிவுச் செட்டுகளில் 230 வோல்ட்டைக் குறைக்கும் மின்மாற்றி எதுவும் இருப்பதில்லை. பெட்டிக்குள் டயோட், ரெசிஸ்டர் போன்ற சில சில்லறைச் சாமான்கள்தான். ஆகவே குட்டிக் குமிழ்தானே என்று நினைத்து உரிந்த வயரைத் தொடக்கூடாது. தட்டுவதானாலும் பிளக்கைக் கழற்றிவிட்டுத் தட்டுங்கள். அப்படித் தட்டினால் எரியாதே என்பீர்கள். மீண்டும் செருகிப் பாருங்கள், அதற்குத்தான் பிளக்.

கேள்வி: அந்தக் குட்டிப் பெட்டியில் எட்டு விதமான மினுக்கல் இருக்கிறதாமே. எது நல்லது?
(பல்கலைக்கழக மாணவி, வெள்ளவத்தை)

எட்டாவது. பொத்தானை ஏழு தரம் அழுத்தித் தலையிடி வந்த பிறகு கிடைக்கிற, சும்மா நின்று எரிகிற நிலை.

கேள்வி: எதிர்ப் புளொட்காரர் இரவு முழுக்க மினுக்குகிறார். என் படுக்கையறைச் சுவரில் பொலிஸ் ஜீப் வந்து நிற்கிற மாதிரி. எப்படிச் சொல்வது?
(நித்திரை கெட்டவர், வெள்ளவத்தை)

ஒரு துண்டு கேக்கோடு போங்கள். ரவையும் கஜுவும் பூசணி அல்வாவும் போட்ட நம்மூர்க் கேக் ஒரு துண்டு வாய்க்குள் இருக்கும்போது எவராலும் மறுத்துப் பேச முடியாது. அந்த இடைவெளியில் மேலே சொன்ன எட்டாவது நிலையைப் பற்றிச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: சீனத்து இரண்டு பின் பிளக்கை எங்கள் சதுர ஓட்டைக்குள் செருக, என் கணவர் மேல் ஓட்டையில் பேனையைக் குத்துகிறார். சரியா?
(பயந்த மனைவி, கொட்டாஞ்சேனை)

இலங்கையில் பேனையால் அதிகம் எழுதியது யார் என்று தெரியாது. பேனையால் அதிகம் செருகியவர்கள் நாங்கள்தான்.

அந்த மேல் ஓட்டை எர்த். 13 அம்பியர் பிளக்கின் எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளம். அது முதலில் உள்ளே போய், கீழே இருக்கிற இரண்டு ஓட்டைகளின் மூடியையும் திறக்கும். பிள்ளைகள் ஊசியையும் கம்பியையும் விடாமலிருக்கத்தான் அந்த மூடி. உங்கள் கணவர் பேனையால் திறப்பது அந்தக் காவலைத்தான். திறந்தபின் உருண்டைப் பின் சதுர ஓட்டைக்குள் இறுகாது, ஆடும். ஆடினால் பொறி பறக்கும், பொறி பறந்தால் சூடு, சூட்டில் பிளாஸ்டிக் உருகும். பியூஸ் உள்ள நல்ல அடப்டர் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு, பேனையை அவரது சட்டைப்பைக்கே திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி: போன வருட செட்டை எடுத்துப் பார்த்தால் கால்களெல்லாம் கறள். பெட்டிக்குள்ளேதானே வைத்தேன்?
(மரைன் டிரைவ் வாசகர்)

பெட்டிக்குள் வைத்தது ஜனவரியில். அதற்கு முன் டிசம்பர் முழுக்க அது கடலைப் பார்த்துக்கொண்டிருந்ததே! குமிழின் கால் மெல்லிய இரும்பு. உப்புக்காற்று பட்ட கையோடு பெட்டிக்குள் போனால் உப்பும் கூடவே குடியிருக்கும். கழற்றியதும் பிளக் இல்லாத பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டுச் சுருட்டுங்கள். வெளியில் தொங்கவிடுவதானால் பெட்டியில் ஐ.பி. 44 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா பாருங்கள். இரண்டாவது இலக்கம்தான் தண்ணீருக்கு. ஐ.பி. 20 என்றிருந்தால் அந்தச் செட்டுக்கு மழை என்றால் என்னவென்றே தெரியாது. கொழும்பு டிசம்பருக்கு நன்றாகத் தெரியும்.

கேள்வி: முன்பு சிவப்பும் பச்சையும்தான். இந்தக் கண்ணைக் குத்துகிற நீலம் எப்போது வந்தது?
(பழைய ஆள், வெள்ளவத்தை)

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.ஈ.டி. 1962இலேயே வந்துவிட்டது. நீலம்தான் முப்பது வருடம் தண்ணி காட்டியது. அகசாகி, அமானோ, நகமுரா என்ற மூன்று பேர் அதைப் பிடித்தார்கள். 2014இல் பௌதிகவியல் நோபல் கிடைத்தது. நகமுராவுக்கு அவர் வேலை செய்த கம்பனி முதலில் கொடுத்த சன்மானம் 20,000 யென். அந்தக் காசில் ஒரு நல்ல கதிரை வாங்கலாம். அவர் வழக்குப் போட்டார். 2005இல் 84 கோடி யென்னுக்குச் சமாதானமானது.

நீலம் இல்லாவிட்டால் வெள்ளையும் இல்லை. உங்கள் வீட்டு வெள்ளை எல்.ஈ.டி. உண்மையில் மஞ்சள் பூச்சுப் பூசிய நீலம். ஆகவே நீலத்தைத் திட்டுங்கள், ஆனால் மெல்லத் திட்டுங்கள்.

கேள்வி: உலகத்திலேயே உயரமான நத்தார் மரம் கொழும்பில் நின்றதாக என் பேத்திக்குச் சொன்னேன். நம்ப மாட்டேன் என்கிறாள்.
(தாத்தா, கொட்டாஞ்சேனை)

நின்றது, ஐயா. 2016 நத்தாருக்குக் காலி முகத்திடலில். குறி வைத்தது 100 மீற்றர், எழுந்தது 72.1 மீற்றர். அதுவே கின்னஸ் புத்தகத்துக்குப் போதுமாயிருந்தது. முந்தைய சாதனை சீனாவின் குவாங்சோவில், 55 மீற்றர். இரும்புச் சட்டத்தின்மேல் வலையைப் போர்த்தி, வர்ணம் பூசிய பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பைன் காய்களையும் ஆறு லட்சம் எல்.ஈ.டி.களையும் மாட்டினார்கள். உச்சியில் ஆறு மீற்றர் நட்சத்திரம். முன்னின்றவர் அப்போதைய துறைமுகங்கள் அமைச்சர் அர்ஜுன ரணதுங்க. உழைத்தவர்கள் துறைமுகத் தொழிலாளர்கள்.

பேத்திக்குச் சொல்ல வேண்டிய மிச்சக் கதைதான் ருசி. வேலை பாதியில் நின்றது. நிறுத்தக் காரணம் யார் என்று நினைக்கிறீர்கள்? பௌத்தரோ இந்துவோ இல்லை. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகைதான் இது வீண் செலவு, அந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுக்கலாமே என்றார். அரசுப் பணமல்ல, நன்கொடை என்று விளக்கம் வந்த பிறகு வேலை தொடர்ந்தது. செலவு 80,000 டொலர் என்றார்கள்.

நம் கிளாக்கருக்குச் சொன்ன கணக்கிலேயே பார்த்தால் ஆறு லட்சம் குமிழ் 30 கிலோவாட். அவருடைய அரை மாத யூனிட்டை அந்த மரம் ஒரு மணித்தியாலத்தில் குடித்திருக்கும். இழைக் குமிழ் என்றால் எட்டு மடங்கு. ஆண்டகை சொன்னதில் நியாயம் இருந்தது என்பது என் கட்சி. ஆனாலும் போய்ப் பார்த்தேன். கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்தேன்.

கேள்வி: வெசாக் கூடும் நத்தார் வெள்ளியும் ஒரே கடையில் விற்கிறார்கள். எது எதைப் பார்த்து வந்தது?
(ஏ.எல். மாணவன், கொட்டாஞ்சேனை)

கீறிய மூங்கில், டிசுக் கடதாசி, உள்ளே ஒரு விளக்கு. இரண்டுக்கும் எலும்பு ஒன்றுதான். வெசாக் வாழ்த்து அட்டையும் பக்திப் பாடல் கோஷ்டியும் நத்தாரைப் பார்த்து வந்தவை என்று ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. ஆனால் இந்தக் கேள்வியை உம்முடைய தெருவே சண்டை போட்டுக் கேட்டிருக்கிறது, தம்பி. 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. பௌத்த ஊர்வலம் ஒன்று லூசியாள் பேராலயப் பக்கமாக வரும்போது கலவரம் வெடித்தது. அதற்கு நியாயம் கேட்டு எழுந்த முயற்சிகளின் பலனாக 1885இல் வெசாக் அரசு விடுமுறையானது. அந்த வெசாக் நாளில்தான் பௌத்தக் கொடி முதன்முதலாக ஏறியது. ஏறியதும் அதே கொட்டாஞ்சேனையில் உள்ள ஒரு விகாரையில்.

இன்று அதே தெருக்களில் மே மாதம் கூடு, டிசம்பரில் வெள்ளி. புறக்கோட்டை நானாவிடம் இரண்டுக்கும் ஒரே செட்தான். பெட்டியில் ஒட்டுகிற படம் மட்டும் வேறு.

கேள்வி: நாங்கள் சைவம். பிள்ளை நத்தார் வெள்ளி கட்டச் சொல்கிறான். கட்டலாமா?
(அம்மா, வெள்ளவத்தை)

தீபாவளிக்குக் கட்டிய செட் இன்னும் கழற்றவில்லைதானே? அதன் நடுவில் கட்டிவிடுங்கள். தைப்பொங்கலுக்கும் ஆகும்.

கேள்வி: மெழுகுதிரிக்குப் பதிலாக பற்றரி மெழுகுதிரி வந்திருக்கிறதே. வாங்கலாமா?
(செவ்வாய்க்கிழமை பக்தை)

பாலன் குடிலுக்குக் கட்டாயம் வாங்குங்கள். வைக்கோல், பஞ்சு, கடதாசி மலை எல்லாவற்றுக்கும் நடுவில் நெருப்பு வைப்பது மாட்டுத்தொழுவத்துக்கு ஆகாத வேலை.

கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மட்டும் மெழுகே ஏற்றுங்கள். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு ஜூன் மாதம் அந்தத் திருத்தலம் மறுபடி திறந்ததும், சனம் பைகளைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டுக் கையில் திரியோடு உள்ளே போனது. அந்தக் கைக்குப் பற்றரி பொருந்தாது.

கேள்வி: நத்தார் இரவில் கரண்ட் போனால்?
(எல்லாவற்றுக்கும் பயப்படுபவர், வெள்ளவத்தை)

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதால் நாடே இருண்டதாக அமைச்சரே சொன்னார். உங்கள் மாடியில் குரங்கு இல்லையென்றால் பாதிக் கவலை தீர்ந்தது. மீதிக்கு இரண்டு மெழுகுதிரி.

கேள்வி: எப்போது கழற்ற வேண்டும்?
(சோம்பேறி, ஊர் வேண்டாமே)

மூன்று இராசாக்கள் திருநாள், ஜனவரி 6. அதற்குப் பிறகும் தொங்கினால் அதற்குப் பெயர் சோடனை இல்லை, வயறிங்.

கேள்வி: எல்லாருக்கும் சொல்கிறீர்கள். உங்கள் வீட்டில் என்ன சோடனை?
(விடாக்கண்டன், கொட்டாஞ்சேனை)

யன்னலில் ஒரு கடதாசி வெள்ளி, உள்ளே ஒரே ஒரு 3 வாட் குமிழ். தெருவில் போகிறவருக்குத் தெரியும், எதிர் வீட்டுக்காரர் தூங்கலாம்.

குமிழைப் போடுவதற்கு முன் மெயின் போட்டுக்குப் போய், ட்ரிப் சுவிட்சில் உள்ள டெஸ்ட் பொத்தானை அமுக்கினேன். அசையவில்லை. எத்தனை வருடமாக அசையாமல் இருந்ததோ! மாற்றிவிட்டுத்தான் வெள்ளியைக் கட்டினேன். இதைப் படித்து முடித்ததும் நீங்களும் எழுந்துபோய் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். டக்கென்று விழ வேண்டும்.