குடிசைக்கு வாடகை

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் நான் குடியிருந்த வீட்டுச் சொந்தக்காரர், உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் 'நான்', 'நீ', 'முடியாது' என்ற மூன்று பிரயோகங்களைக் கொண்டே சகல லௌகிக விவகாரங்களையும் நடத்தி வந்தவர். ஓய்வு பெற்றபின் பஞ்ச ஸம்ஸ்காரம் செய்துகொண்டு, தோள்களில் சங்கு சக்கர முத்திரை தரித்து, காலக்ஷேப கோஷ்டியில் சேர்ந்த நாள் முதலாக, 'அடியேன்' என்றும் 'தேவரீர்' என்றும் அன்றி வாய் திறப்பதில்லை.

வைஷ்ணவ பரிபாஷை சாமானியமானதன்று. நம்பிள்ளை திருவாய்மொழிக்குச் சொன்ன பொருளை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏட்டில் இறக்கிய ஈடு 36,000 படி முதலான மணிப்பிரவாள வியாக்கியானங்களில் ஊறிய அந்தப் பேச்சிலே, பெருமாள் நடப்பதில்லை, எழுந்தருளுகிறார், குளிப்பதில்லை, திருமஞ்சனம் கண்டருளுகிறார், உறங்குவதில்லை, கண்வளர்கிறார். அடுக்களைக்குள் நுழைந்து ரசத்தைச் சாற்றமுதாகவும், பொரியலைக் கறியமுதாகவும், பாயசத்தைத் திருக்கண்ணமுதாகவும் அது உயர்த்தியிருக்கிறது. (எங்கள் வீட்டில் ருசி மட்டும் பழைய ஸ்தானத்திலேயே நின்றுவிட்டது.)

இத்தனை விநயமும் மனத்துக்குள் இறங்குமா என்பது வேறு விஷயம். காஞ்சியில் வரதராஜப் பெருமாள் ஸன்னிதியில் எவர் முன்னின்று பிரபந்தம் சேவிப்பது என்பதற்காக வடகலையாரும் தென்கலையாரும் தலைமுறை தலைமுறையாக நியாயஸ்தலப் படிகளை ஏறி இறங்கினார்களே, அவர்களில் வாதியும் 'அடியேன்', பிரதிவாதியும் 'அடியேன்'!

என் கஷ்டம் மாதப் பிறப்பன்று தொடங்கும். முன்பெல்லாம், "என்ன ஸார், வாடகை?" என்று அவர் உறுமினால், நானும் முகத்தைச் சுளித்துக்கொண்டு பத்து நாள் தவணை கேட்பேன். இப்போதோ, "அடியேன் குடிசைக்கு வாடகை தந்தருளத் தேவரீர் திருவுள்ளம் பற்றவேணும்" என்று கைகூப்பிக்கொண்டு நிற்பவரிடம், தன்னை அடிமை என்று சொல்லிக்கொள்ளும் ஒரு மனிதரிடம், எந்த முகத்தோடு தவணை கேட்பது? பிறர் வீட்டைத் திருமாளிகை என்றும் தம் வீட்டைக் குடிசை என்றும் சொல்வது அவர்கள் ஸம்பிரதாயம். அந்தக் குடிசைக்கோ இரண்டு மாடியும், தேக்கு உத்தரமும், வாசலில் கல் திண்ணையும் உண்டு.

பரிபாஷையிலேயே பிடித்துவிடலாம் என்று எண்ணி ஒரு நாள் துணிந்து கேட்டேன்: "குடிசைக்கு முப்பது ரூபாய் அதிகமல்லவா, ஸ்வாமி?"

அவர் துளியும் அசையவில்லை.

"அடியேன் இருக்கிற பாகந்தான் குடிசை. தேவரீர் எழுந்தருளியிருக்கிற பாகம் திருமாளிகையன்றோ? திருமாளிகைக்கு முப்பது ரூபாய் என்பது தேவரீருக்கு அபசாரம்" என்று சொல்லி, அடுத்த மாதம் முதல் முப்பத்தைந்து ஆக்கிவிட்டார்.