கடைசி இடம், கூட்டுச் சொத்து

2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சிப் பட்டியலில் கடைசி இடம் மட்டும் பாகம் பிரியாத சொத்தாக நின்றுவிட்டது. 2022-ல் வேலூர் வைத்திருந்தது, 2023-ல் ராணிப்பேட்டைக்குப் போனது, 2024-லும் 2025-லும் மறுபடி வேலூர். (அந்தக் கடைசி இடத்திலும் 2025-ல் நூற்றுக்கு 85 பேர் தேறினார்கள். அது யாருக்கு வேண்டும்?)

வேலூர் மாவட்டத்தின் கணியம்பாடி ஒன்றியத்து நடுநிலைப் பள்ளிகளுக்கு இந்தத் தலைவலி கிடையாது. எட்டுவரை ஆல் பாஸ். ஆனால் மாணவர்களின் சாதி, ரத்தவகை, உயரம், எடை, பெற்றோர் தொழில் எல்லாம் கல்வித் துறையின் ‘எமிஸ்’ தளத்தில் ஏறியாக வேண்டும். ஏற்றி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். பின்னக் கணக்கு நாளைக்கு.

ஷூ கம்பெனிக்குப் போகும் வழியில் ஓர் அம்மா கேட்கிறார்: “சார், எம்புள்ள எப்படிப் படிக்கிறான்?”

“சர்வர் ஸ்லோவா இருக்கும்மா.”