கிளீவ்லாண்டின் வாயிற்காவலர்

கேள்வி: பெரிய லீகில் இடம் கிடைக்காமல் சிறிய லீகிலேயே காலந்தள்ளும் ஐஸ் ஹாக்கி கோல் காவலருக்குக்கூட ரசிகர்கள் உண்டாமே! அவரிடம் அப்படி என்ன விசேஷம்?

பதில்: உண்டு, அடியேனும் ஒருவன். கனடாவின் பிரின்ஸ் ஆல்பர்ட் நகரில் 1924-ல் பிறந்த ஜானி பௌவர், 1945 முதல் அமெரிக்கன் ஹாக்கி லீகில், பெரும்பாலும் கிளீவ்லாண்ட் பாரன்ஸ் அணியின் கோல் வாயிலில், ஏறக்குறைய ஆறு அவுன்ஸ் கனமுள்ள ரப்பர் வட்டு சீறிப் பாய்ந்து வரும் மார்க்கத்தில், முகமூடியில்லாத தம் திருமுகத்தை மனமுவந்து சமர்ப்பித்துக்கொண்டு நின்ற மகானுபாவர். அக்காலத்தில் பெரிய லீகில் இருந்தவை ஆறே அணிகள். அணிக்குப் பெரும்பாலும் ஒரே காவலர். ஆகவே ஏழாவது சிறந்த காவலருக்கு அங்கே உத்தியோகம் கிடையாது! 1953-ல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அவரை அழைத்து, அந்தப் பருவத்தின் 70 ஆட்டங்களிலும் நிறுத்திவைத்து, அடுத்த பருவமே கீழே அனுப்பிய விநோதத்தையும் சகித்துக்கொண்டு, சிறிய லீகின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருதை 1956 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பெற்றார். அங்கே அவர் ஈட்டிய 359 வெற்றிகளை இன்றுவரை எந்தக் காவலரும் எட்டவில்லை.

1958-ல் பெரிய லீகின் டொரான்டோ அணி அழைத்தபோது, ‘வயது 33 ஆகிவிட்டதே, கிளீவ்லாண்ட் வாசம் சௌகரியமாகத்தானே இருக்கிறது’ என்று தயங்கியவர், போய்ச் சேர்ந்தபின் நான்கு ஸ்டான்லி கோப்பைகளை வென்றார். கடைசிக் கோப்பை 42 வயதில். அந்த வயது விஷயத்தில் மட்டும், பத்திரிகை நிருபர்கள் எவ்வளவு பிரயத்தனப்பட்டும் அவரிடம் சுலபத்தில் ஒரு கோல் போட முடிந்ததில்லை.